இடுப்புவலியும் மனச்சோர்வும்: வலிப்பது யாருக்கு?

நாட்பட்ட இடுப்புவலியும் மனச்சோர்வும் பெரும்பாலும் துணை சேர்ந்தே வருகின்றன. மூன்று மாதத்துக்கு மேல் இடுப்பு வலித்துக்கொண்டிருப்பவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். மனச்சோர்வில் இருப்பவருக்குப் பின்னாளில் இடுப்புவலி வரும் வாய்ப்பும் அதே போலக் கூடுதல். எது முதலில் வந்தது என்று பல நேரங்களில் நோயாளியாலும் சொல்ல முடிவதில்லை, மருத்துவராலும் சொல்ல முடிவதில்லை. இந்தத் தொடர்புக்குள் மருத்துவத்தைவிடப் பழைய ஒரு கேள்வி இருக்கிறது. வலிப்பது உடம்புக்கா, மனத்துக்கா, இரண்டையும் கருவியாகக் கொண்டு வாழும் உயிருக்கா? ஏட்டுக்குள் அடங்கிவிடும் கேள்வியல்ல இது. "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம், எல்லாம் மனசுதான்" என்று வீட்டார் சொல்லும்போதும், "எல்லாம் என் தலையெழுத்து" என்று நோயாளியே சொல்லிக்கொள்ளும்போதும் அந்தக் கேள்விக்கு ஒரு விடை கொடுக்கப்பட்டுவிடுகிறது. பெரும்பாலும் அது தவறான விடை.

கெடிலமும் வெள்ளாறும் பாயும் கடலூர்ச் சீமை இந்தக் கேள்வியை நீண்ட காலமாக எதிர்கொண்டு வந்த நிலம். பழைய சமண மையமான திருப்பாதிரிப்புலியூர், நாவுக்கரசர் சூலை நோயோடு வந்து சேர்ந்த திருவதிகை, உமாபதி சிவாச்சாரியார் வாழ்ந்த சிதம்பரத்துக் கொற்றவன்குடி, இராகவேந்திரர் பிறந்த புவனகிரி, வள்ளலார் பிறந்த மருதூர், அவர் தருமச்சாலை அமைத்த வடலூர் எல்லாம் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கும் ஊர்கள். இவ்வூர்களில் வளர்ந்தவை ஒன்றோடொன்று வாதிட்ட சமயங்கள். ஆனாலும் வலியைப் பற்றி அவை சொன்னவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இன்றைய மருத்துவம் அண்மையில்தான் வந்து சேர்ந்த சில முடிவுகளின் அருகில் அவை நிற்பது தெரியும்.

முதலில் மருத்துவம் அறிந்தது. 2020ஆம் ஆண்டுக் கணக்கில் உலகம் முழுவதும் சுமார் 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி இருந்தது. 2050இல் அது 84.3 கோடியாகும் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. மனிதரைச் செயலிழக்க வைக்கும் நோய்களில் இதற்கே முதலிடம். பத்தில் ஒன்பது பேருக்கு, இன்ன எலும்பு, இன்ன சவ்வு என்று சுட்டிக்காட்டத்தக்க காரணம் எதுவும் கிடைப்பதில்லை. வயது ஏற ஏற, 80 வரை, வலி உள்ளவர்களின் விகிதம் கூடிக்கொண்டே போகிறது. ஆனால் எண்ணிக்கையில் மிகுதியானவர்கள் 50 முதல் 55 வயதுக்காரர்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

முதுகெலும்புப் படங்களைப் பற்றிய ஒரு செய்தி இங்கே முக்கியம். வலியே இல்லாதவர்களை எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. 20 வயதுக்காரர்களில் 37 விழுக்காட்டினருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 விழுக்காட்டினருக்கும் முதுகெலும்புத் தட்டுகளில் தேய்மானம் தெரிந்தது. அவர்களில் எவருக்கும் வலி இல்லை. ஆக, படத்தில் தேய்மானம் தெரிந்தும் வலி இல்லாமல் இருக்கலாம்; படம் சுத்தமாக இருந்தும் வலி உயிரை வாங்கலாம். 'தேய்ந்துபோச்சு' என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டுவிட்டு, இனி ஆயுசுக்கும் குனியக் கூடாது என்று முடிவெடுத்து முடங்கிப்போகிறவர்கள் உண்டு. படம் சொல்வதைவிடக் கூடுதலாக அந்தச் சொல்லை நம்பியதால் வரும் முடக்கம் அது.

உடம்பில் புண்ணான இடத்திலிருந்து மூளைக்கு ஒரு கம்பி வழியே செய்தி போவது மட்டும்தான் வலி என்ற பழைய கருத்தை, 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் முன்வைத்த வாயில் கோட்பாடு மாற்றியது. தண்டுவடத்திலேயே வலிச் செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் ஏற்பாடு இருக்கிறது. மூளையிலிருந்து இறங்கி வரும் நரம்புகள் அதை ஆள்கின்றன. அந்த இறங்குபாதையில் வேலை செய்யும் செரோடோனின், நார்அட்ரினலின் என்னும் இரண்டும் மனநிலையைத் தாங்கி நிற்கும் பொருள்களும்கூட. துலாக்ஸிடின் என்னும் மனச்சோர்வு மருந்து நாட்பட்ட இடுப்புவலிக்கும் கொடுக்கப்படுவது இதனால்தான். பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்தி வெளியிட்ட வரையறையும் வலியை உணர்வும் உணர்ச்சியும் சேர்ந்த ஓர் அனுபவமாகவே கொள்கிறது. உடம்பு வேறு, மனம் வேறு என்று கோடு கிழித்து நோயாளியை அக்கோட்டின் ஒரு பக்கம் தள்ளுவதற்கு இதில் இடமில்லை.

இடுப்புவலி வந்த எல்லாருக்கும் மனச்சோர்வு வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். யாருக்கு, எந்த வயதில், எந்த வழியாக அது உள்ளே வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பள்ளி, கல்லூரி வயதில் முதுகுவலியைப் பெரியவர்கள் நம்புவதில்லை. "இந்த வயசுல என்ன வலி" என்பதே பதில். அந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாகவும், தூக்கம் தப்புவதாகவும், நண்பர்களை விட்டு விலகுவதாகவும் வரும். இரண்டும் சேர்ந்தால் 'சோம்பேறி' என்ற பெயர் எளிதில் கிடைத்துவிடும். நடுவயதில் வேறு கதை. வெள்ளாற்றுப் பாசன வயல்களில் நடவுக்கும் களைக்கும் நாள் முழுக்கக் குனிந்து நிற்கும் பெண்ணுக்கும், பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கக் காலை மடக்கி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும், இடுப்பு விட்டுப்போனால் அன்றைய கூலி போகிறது. கூலி போனால் குடும்பத்தில் இருந்த இடம் ஆட்டம் காண்கிறது. குனிந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளுமோ என்ற பயத்தில் அசைவைக் குறைக்கிறார்கள். அசைவு குறையத் தசை தளர்கிறது, தசை தளர வலி கூடுகிறது, வெளியே போவதும் நாலு பேரோடு பேசுவதும் நின்றுபோகின்றன. மனச்சோர்வுக்கு இதைவிட வசதியான வாசல் வேண்டியதில்லை. முதுமையில் இரண்டு நோய்களும் ஒரே வாக்கியத்துக்குள் மறைந்துபோகின்றன: "வயசானா அப்படித்தான்." மனசு சரியில்லை என்று சொல்லப் பழகாத தலைமுறை அது. இடுப்பு, முழங்கால், வாயுப்பிடிப்பு என்று உடம்பின் பெயரிலேயே துயரத்தையும் சொல்லும். கேட்பவர் தைலம் வாங்கிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

வயதுதோறும் வாசல் வேறானாலும் உள்ளே நடப்பதில் ஒரு பொதுத்தன்மை உண்டு. வலியை அனுபவிப்பது ஒன்று. அந்த வலியையே நினைத்து நினைத்து மருகுவது இன்னொன்று. இந்த வேறுபாட்டைத்தான் இந்தியச் சமயங்கள் மிகக் கூர்மையாகக் கண்டன.

பௌத்தத்தின் பாலி நூல்களில் புத்தருக்கே முதுகுவலி வருகிறது. கபிலவஸ்துவில் சாக்கியர்களின் புதிய மண்டபத்தில் இரவு வெகுநேரம் பேசிய பிறகு, முதுகு வலிக்கிறது, சற்றுச் சாய்கிறேன் என்று சொல்லி, மீதி உபதேசத்தை ஆனந்தரிடம் விடுகிறார். பாவா நகரில் அதே காரணத்தால் சாரிபுத்தரிடம் விடுகிறார். ஞானம் பெற்றவருக்கு உடம்பு வலிக்காது என்ற எண்ணத்துக்கு அந்த நூல்கள் இடமே கொடுக்கவில்லை. சல்ல சுத்தம் என்னும் உபதேசத்தில், பயிற்சி இல்லாதவனுக்கு ஒரு வலி வந்தால் இரண்டு அம்புகள் தைக்கின்றன என்கிறார் புத்தர். முதல் அம்பு உடம்பில். அதை நினைத்துப் புலம்பி மாரடித்துக்கொள்வது இரண்டாவது அம்பு. பயின்றவனுக்கு முதல் அம்பு மட்டும். நகுலபிதா என்ற முதியவர், உடம்பு தளர்ந்துவிட்டது, நோயாகவே இருக்கிறது என்று வந்து சொன்னபோது அவருக்குக் கிடைத்த உபதேசமும் இதுவே: உடம்பு நோயுற்றாலும் உள்ளம் நோயுறாதபடி பயில வேண்டும். வயதாகிவிட்டது, இனி என்ன செய்வது என்று அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பயிற்சி தொடங்க முதுமை தடையாகச் சொல்லப்படவும் இல்லை. மதுரை, காஞ்சி, நாகப்பட்டினம் என்று பௌத்தம் தமிழ்நாட்டில் பல நூற்றாண்டு நிலைத்திருந்தது. இந்தக் கருத்துகள் இந்த மண்ணுக்கு அயலானவை அல்ல.

சமணம் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தது. திருப்பாதிரிப்புலியூர் அந்நாளில் பாடலிபுத்திரம் என்று பெயர்பெற்ற சமணக் கல்விநிலையம். சர்வநந்தி என்பவர் லோகவிபாகம் என்னும் நூலை கி.பி. 458இல் அங்கே முடித்ததாக அறியப்படுகிறது. சமணர் எண்ணும் எட்டு வகை வினைகளில் வேதனீயம் ஒன்று, மோகனீயம் மற்றொன்று. உடம்பில் வரும் இன்பதுன்ப உணர்வு வேதனீயத்தின் பயன். துயரம், எதிலும் ஈடுபாடு அற்றுப்போதல், அச்சம் ஆகியவை மோகனீயத்தின் கிளைகள். உடல்வலியும் மனத்துயரும் இரு வேறு கணக்கு என்பதே இதன் பொருள். அதோடு, ஒழிக்க வேண்டிய தியானங்களில் ஒன்றாக அவர்கள் ஆர்த்தத் தியானத்தைச் சொல்கிறார்கள். அதன் நான்கு வகைகளில் ஒன்று, வந்த வலி எப்போது தீரும் என்பதையே இடைவிடாமல் நினைத்திருப்பது. வலியைப் பெரிதாக்கிப் பார்ப்பது, அதையே அசைபோடுவது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிடுவது ஆகிய மூன்றையும் அளக்க 1995இல் உளவியலார் ஓர் அளவுகோல் செய்தார்கள். அந்த அளவுகோலில் மிகுந்த எண் பெறுகிறவர்களுக்கு வலியும் முடக்கமும் மிகுதியாக இருப்பதைத் தொடர்ந்து காண்கிறார்கள். சமணரின் தத்துவார்த்த சூத்திரம் அதே நிலையை ஒரு தியானமாகவே வகைப்படுத்தியது: மனம் ஒருமுகப்பட்டிருக்கிறது, ஆனால் தவறான பொருளில்.

இந்த வகையான பேச்சில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இரண்டாம் அம்பு நீயே எய்துகொண்டது என்றால், நோயாளியின் மீது பழி வந்து விழுகிறது. வலியை விட்டுவிடு, நினைக்காதே என்று சொல்வது எளிது. மனச்சோர்வில் இருப்பவருக்கு நினைக்காமல் இருக்கும் திறனே நோயால் பறிபோயிருக்கிறது. இந்த இடத்தில்தான் புவனகிரியின் மரபு கைகொடுக்கிறது.

இராகவேந்திரர் புவனகிரியில் வேங்கடநாதராகப் பிறந்தார்; பிறந்த ஆண்டை 1595 என்பர். 1621இல் துறவு பூண்டு, கும்பகோணத்து சுதீந்திர தீர்த்தருக்குப் பின் மடத்தின் தலைமையேற்று, 1671இல் மந்திராலயத்தில் பிருந்தாவனம் கொண்டார். நோய் தீர வேண்டிக்கொள்ளும் அடியார்களுக்கு அவர் வரமளிக்கும் குரு. ஆனால் அவர் பெரிய தருக்க நூலாசிரியரும்கூட. ஜயதீர்த்தரின் நியாயசுதைக்கு அவர் எழுதிய விளக்கம் பரிமளம் என்று புகழ்பெற்றது. அவர் நின்ற மத்வ மரபில் சாட்சி என்னும் கோட்பாடு அடித்தளமானது. கண்ணும் காதும் ஏமாறலாம், மனமும் ஏமாறலாம். தனக்கு இன்பமா துன்பமா என்பதை மட்டும் உயிர் இடையில் எந்தக் கருவியும் இல்லாமல் தானே நேராக அறிகிறது. அந்த அறிவில் பிழை புகாது. எனக்கு வலிக்கிறது என்று ஒருவர் உணர்ந்தால், அந்த உணர்வைப் பொய்யாக்கும் வேறு சான்று உலகத்தில் இல்லை.

அத்வைதம் இதற்கு மாறாகச் சொல்லும். துன்பம் மனம் முதலிய அந்தக்கரணத்தைச் சேர்ந்தது, ஆன்மா தன்மேல் அதை ஏற்றிக்கொள்கிறது, உண்மையில் அதற்கு வலி இல்லை என்பது அதன் நிலை. உயர்ந்த தியானத்தில் இருப்பவருக்கு அது பெரும் விடுதலையாக இருக்கலாம். ஆனால் படத்தில் ஒன்றும் தெரியாததால் வீட்டில் ஒருவரும் நம்பாத ஒரு பெண்ணிடம் போய், உனக்கு உண்மையில் வலி இல்லை என்று சொல்வது கொடுமை. உலகம் மெய், துன்பமும் மெய் என்று நிற்கும் மத்வர் வழியே நோயாளியின் பக்கம் நிற்கிறது. நாட்பட்ட வலி மருத்துவத்தின் முதல் விதியும் இதுதான்: வலிக்கிறது என்று சொல்பவரை நம்பு.

நம்பிய பிறகு அடுத்த கேள்வி வருகிறது. வலி மெய் என்றால், அதில் மூழ்கிக் கிடக்கும் உயிரை எப்படிப் பிரித்தெடுப்பது? இதற்குச் சைவ சித்தாந்தம் விரிவாகப் பதில் சொல்கிறது. திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் பன்னிரண்டு சூத்திரங்களில் செய்த சிவஞானபோதம், உயிர் உடம்பும் அல்ல, மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற அந்தக்கரணங்களும் அல்ல என்று நிறுவுகிறது. அரசன் அமைச்சர்களைக் கொண்டு காரியம் நடத்துவது போல உயிர் அவற்றைக் கொண்டு உலகை அறிகிறது. நனவு, கனவு, உறக்கம் முதலான ஐந்து நிலைகளில் அது ஏறி இறங்குகிறது. ஆழ்ந்த உறக்கத்தில் வலி தெரிவதில்லை, விழித்ததும் தெரிகிறது. உடம்பு இரண்டு நேரத்திலும் அதே உடம்புதான். ஆக, வலியை அறிவது உடம்பு அல்ல. இந்த வாதம் ஒருபுறமிருக்க, உறக்கம் வலியின் ஓய்விடம் என்பதை அது அறிந்திருப்பது கவனிக்கத்தக்கது. நாட்பட்ட வலியும் மனச்சோர்வும் முதலில் பறிப்பது அந்த ஓய்விடத்தைத்தான். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும், மனம் மேலும் தாழும்.

சித்தாந்தம் உயிருக்குச் சொல்லும் இலக்கணங்களில் தலையாயது சார்ந்ததன் வண்ணமாதல். உயிர் எதைச் சார்கிறதோ அதுவாகவே தன்னை உணரும். உடம்பைச் சார்ந்தால் உடம்பு, வலியைச் சார்ந்தால் வலி. 'எனக்கு இடுப்பு வலிக்கிறது' என்பது நாளடைவில் 'நான் ஒன்றுக்கும் உதவாதவன்' என்று மாறுவதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. முதல் வாக்கியத்தில் வலி ஓர் அனுபவம்; இரண்டாவதில் அது தன் பெயராகவே ஆகிவிட்டது. சார்ந்ததன் வண்ணமாவது உயிரின் குற்றம் அல்ல, அதன் இயல்பு என்பதுதான் இங்கே முக்கியம். அதனால் மனவலிமை இல்லை என்று அதைத் திட்டிப் பயனில்லை. வேறொன்றைச் சாரச் செய்வதே வழி.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிதம்பரத்தில் வாழ்ந்த உமாபதி சிவாச்சாரியார், திருவருட்பயன் என்னும் நூறு குறள்களில், உயிரை மறைத்திருக்கும் ஆணவ மலத்தை இருளோடு ஒப்பிட்டு, இருளைவிட அது கொடியது என்கிறார். இருள் பொருள்களை மறைத்தாலும், இருட்டாக இருக்கிறது என்றாவது தன்னைக் காட்டிக்கொள்ளும். ஆணவம் பொருளையும் மறைக்கும், தான் இருப்பதையும் மறைக்கும். மனச்சோர்வை ஆணவ மலம் என்று சொல்வது சித்தாந்தத்துக்குப் பொருந்தாது. மலம் எல்லா உயிர்க்கும் பொது, மனச்சோர்வு சிலருக்கு வரும் நோய். என்றாலும் அந்த நோயின் நடையை அறிய உமாபதியாரின் ஒப்புமை உதவுகிறது. மனச்சோர்வில் இருப்பவர் பல நேரங்களில் தனக்கு நோய் வந்திருக்கிறது என்று நினைப்பதில்லை. உலகமே இப்படித்தான், தான் இவ்வளவுதான் என்று நினைக்கிறார். மூடியிருப்பது எது என்பது மூடப்பட்டவருக்குத் தெரிவதில்லை. அதைக் காட்டித்தர வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். குரு வேண்டும் என்று சித்தாந்தம் வற்புறுத்துவதும் இதே தருக்கத்தில்தான்.

திருவதிகையில் அப்படி ஒருவர் இருந்தார், திலகவதியார். அவருடைய தம்பி மருள்நீக்கியார், பின்னாளைய நாவுக்கரசர், திருவாமூரில் பிறந்தவர். சிறு வயதில் தாயும் தந்தையும் இறந்தனர். தமக்கை திலகவதியாருக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். உயிர்விடத் துணிந்த தமக்கை, தம்பிக்காகத் தம் உயிரைத் தாங்கினார் என்று 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். தம்பி நிலையாமையை எண்ணிச் சமணம் சேர்ந்து, பாடலிபுத்திரத்தில் தருமசேனர் என்ற தலைவரானார். அங்கே அவர் வயிற்றில் சூலை நோய் பற்றியது. மந்திரித்த நீரும் மயிற்பீலியும் பயன்படவில்லை, உடனிருந்தவர்கள் கைவிட்டார்கள். இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து தமக்கையின் காலில் விழுந்தார். அவர் திருநீறு கொடுத்து, விடியும் முன் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பாடிய முதல் பதிகத்தோடு நோய் நீங்கியது. நாவுக்கரசர் என்ற பெயர் வந்தது.

இது சைவர் சொல்லும் வரலாறு. சமணரை எதிரியாக நிறுத்தும் வாதமும் அதில் கலந்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த முதல் பதிகத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், வலியின் இலக்கியத்தில் அதற்கு இணையானது அரிது. குடரை முறுக்கிச் சுருட்டும் வலியின் உடற்கூறு அதில் இருக்கிறது. தான் செய்த எந்தத் தவறுக்கு இது என்ற மருட்சி இருக்கிறது. தெய்வத்தை நோக்கிய முறையீடும், ஏறக்குறைய வழக்காடலும் இருக்கின்றன. பணிந்து ஏற்றுக்கொள்கிறேன் என்று அவர் தொடங்கவில்லை. தாங்க முடியவில்லை, விலக்கு என்றே கேட்கிறார். வலியைச் சொல்வது பக்திக் குறைவு என்று எண்ணி அடக்கிக்கொள்ளும் பழக்கத்துக்குத் தேவாரத்தின் இந்தப் பதிகமே மறுப்பு. கதையில் நோய் தீர்ந்த வரிசையையும் பார்க்க வேண்டும். தனிமையிலிருந்து உறவிடம் வருதல், கண்டிக்காமல் ஏற்றுக்கொள்ளும் ஒருவர், உடம்பை எழுப்பி நடத்தி அழைத்துச் செல்லுதல், வலிக்குச் சொல் கிடைத்தல். அற்புதத்தை நம்புகிறவரும் நம்பாதவரும் இந்த நான்கையும் ஒப்புக்கொள்வார்கள்.

அதன்பின் அவர் வாழ்நாள் முழுவதும் உழவாரம் ஏந்திக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். மரபு அவருக்கு 81 வயது சொல்கிறது. முதுமையில் கயிலை காணப் புறப்பட்டுக் கால் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும் ஊர்ந்தார் என்கிறது புராணம். சூலையில் முடங்கிக் கிடந்த உடம்பு அவருக்குத் தொண்டின் கருவியாயிற்று. உயிரின் சார்பு மாறியது என்று சித்தாந்தி சொல்வார். அசைவும் நோக்கமும் திரும்பி வந்தன என்று மருத்துவர் சொல்வார்.

எஞ்சியிருப்பது வினை பற்றிய கேள்வி. போன பிறவி வினையால்தான் இந்த வலி என்றால், அனுபவித்துத் தீர்ப்பதைத் தவிர வழியில்லை என்ற முடிவுக்குப் பலர் போகிறார்கள். மூல நூல்கள் அவ்வளவு எளிதாக அதை அனுமதிப்பதில்லை. புத்தரிடம் சீவகர் என்ற பரிவிராசகர் (ஊர் ஊராகத் திரியும் துறவி) இதையே கேட்டபோது, பித்தம், கபம், வாதம், மூன்றும் சேர்தல், பருவமாற்றம், முறைதவறிய உடற்பேணல், வெளித்தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களைச் சொல்லி, எல்லாமே முன்வினை என்பவர்கள் அளவுமீறிப் பேசுகிறார்கள் என்றார். சித்தாந்தத்தில், இப்பிறவியில் நுகர வந்த வினையாகிய பிராரத்தம் உடம்பு உள்ளவரை ஞானிக்கும் உண்டு. நோயுற்றவர் தாழ்ந்தவர், நோயற்றவர் புண்ணியவான் என்ற கணக்குக்கு அதனால் அங்கேயும் இடமில்லை. வந்த வினையை நுகரும்போது ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் புதிய வினையாகிய ஆகாமியம் பிறக்கிறது. வலிப்பவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவரின் நடத்தையும் அந்தக் கணக்கில் சேரும் என்பதை ஊரார் மறந்துவிடுகிறார்கள்.

இதை மிக நேராகச் சொன்னவர் வள்ளலார். புவனகிரிப் பகுதியிலுள்ள மருதூரில் 1823இல் பிறந்து, 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியவர். 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலில் உயிர்களுக்கு வரும் துன்பங்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என்று எண்ணுகிறார். வினையால் வந்த துன்பத்தை நீக்குவது கடவுள் ஆணைக்கு மாறாகாதா என்ற தடையை எழுப்பி, ஆகாது என்று விடை தருகிறார்: சிறையில் இருக்கும் குற்றவாளிகளுக்கும் அரசன் தன் ஏவலரைக் கொண்டு உணவு கொடுக்கத்தானே செய்கிறான்? துன்பம் மனம் முதலிய கரணங்களுக்குத்தான், உயிருக்கு அல்ல, ஆகையால் இரங்க வேண்டியதில்லை என்ற இன்னொரு தடையையும் அவர் ஏற்கவில்லை. மூக்குக்கண்ணாடி வழியே துயரத்தைக் கண்டாலும் கண்ணீர் வருவது கண்ணிலிருந்துதான், கண்ணாடியிலிருந்து அல்ல. கருவிகள் வழியே வந்தாலும் அனுபவிப்பது உயிர். சாட்சி என்று மத்வர் தருக்கத்தால் நிறுவியதை வள்ளலார் இரக்கத்தால் நிறுவினார் என்று சொல்லலாம்.

இவற்றிலிருந்து நடைமுறைக்குக் கிடைப்பது சில. கோயிலும் மடமும் பஜனையும் வலியைத் தணிக்க உதவக்கூடும். வியாழக்கிழமை இராகவேந்திரர் சன்னதிக்குப் போய்வருவதில் நடை இருக்கிறது, மனிதர் முகம் இருக்கிறது, வலி அல்லாத ஒன்றின் மேல் மனம் நிற்கும் சற்று நேரம் இருக்கிறது. ஆனால் மருத்துவத்தை விலக்கி வைக்கும் பரிகாரமும், நோய்ப்பட்ட இடுப்போடு செய்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தப்படும் அங்கப்பிரதட்சணமும் சமயத்தின் பெயரில் நடக்கும் தீங்குகள். நேர்த்திக்கடன் உடம்பு தேறும்வரை காத்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட இடுப்புவலிக்கென 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கக் கல்வி, உளவியல் சிகிச்சை ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டைகள், இழுவைச் சிகிச்சை, அபின் வகை மருந்துகள் ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டு வாசலுக்கே வருகிறது. நடக்க முடியாத முதியவருக்கு இது பெரிய உதவி.

வலியோடு வருகிறவரிடம் எந்த வயதானாலும் இரண்டு பக்கமும் கேட்க வேண்டியிருக்கிறது: எங்கே வலிக்கிறது என்பதோடு, தூக்கம் வருகிறதா, முன்பு பிடித்தவை இப்போதும் பிடிக்கின்றனவா என்பதும். காலில் பலம் குறைதல், இருக்கை படும் இடத்தில் மரத்துப்போதல், சிறுநீர் அடைபடுதல் அல்லது கட்டுப்பாடின்றிப் போதல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; காய்ச்சல், காரணமில்லாமல் எடை இறங்குதல், முதியவருக்குச் சிறு தடுமாற்றத்துக்குப் பின் வந்த திடீர் வலி ஆகியவையும் தள்ளிப்போடத் தக்கவை அல்ல. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலும் அது அதே அளவு அவசரம்தான். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.